3,000 மீட்டர் உயரத்தில் தன்னிறைவு வாழ்க்கை: பல குளிர்காலங்கள் கடந்த பின்

மலைமேல் தனி வீடு, சொந்த மின்சாரம், சொந்தத் தண்ணீர் என்று ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை சோலார் பேனல் வேண்டும் என்பதைத்தான். நான் தண்ணீரில் இருந்துதான் ஆரம்பிப்பேன். கரண்ட் இல்லாத இரவை எப்படியும் ஓட்டிவிடலாம். குழாய் உறைந்துவிட்டால் பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும். பானை நிறையப் பனியை அள்ளிப் போட்டாலும் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் தேறும், விறகு மட்டும் கணக்கில்லாமல் போகும்.

எங்களுக்கு மேட்டில் உள்ள ஊற்றிலிருந்து தண்ணீர் தானாகவே இறங்கி வருகிறது, பம்ப் கிடையாது. கறுப்பு பாலிஎத்திலீன் குழாயை மண் உறையும் ஆழத்துக்கும் கீழே புதைத்திருக்கிறோம். தண்ணீர் உறையும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். பிவிசி குழாய் அதில் வெடித்துவிடும், பாலிஎத்திலீன் ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கும். புதைத்த பகுதி இதுவரை ஒரு தொல்லையும் தந்ததில்லை. மண்ணைவிட்டு மேலே வந்து சுவருக்குள் நுழைகிறதே, அந்த ஒரு முழம்தான் வம்பு. அதற்காக, மூடியதும் மேலே நிற்கும் தண்ணீரைத் தானே வடித்துவிடும் வால்வு ஒன்றை மண்ணுக்கடியில் பொருத்தினோம். படுக்கப் போகும் முன் அதை மூடிவிட்டு வீட்டுக் குழாயைத் திறந்து வைக்க வேண்டும். தண்ணீர் இறங்கும்போது குழாய் 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் படுக்கை. இந்த வீட்டில் நான் வாங்கியவற்றிலேயே உருப்படியான பொருள் எது என்று கேட்டால், இந்த வால்வைத்தான் காட்டுவேன்.

அடுத்து பிரஷர் குக்கர். இந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். காய்ந்த பயறுகளைத் திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் லேசில் குழையாது. குக்கர் இருந்தாலும் சமவெளிக் கணக்கு அப்படியே செல்லாது. வெளியே காற்றழுத்தம் குறைவு என்பதால், சமவெளியில் உள்ளே 120 டிகிரி தொடும் அதே குக்கர் இங்கே 115 அளவில் நின்றுவிடும். கொஞ்சம் கூடுதல் நேரம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ரப்பர் வளையம் மட்டும் கைவசம் இன்னொன்று இருக்கட்டும்.

சரி, மின்சாரம். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. பனி பெய்து ஓய்ந்த மறுநாள் வானம் துலக்கமாக இருக்கும். கீழே கிடக்கும் பனியிலிருந்தும் வெளிச்சம் திரும்பி வரும். பேனலை நன்றாகச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் பனி தங்காமல் வழுக்கி விழுந்துவிடும். கவனிக்க வேண்டியது வோல்டேஜ். குளிரக் குளிர அது ஏறும், ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.3 சதவீதம். 48 வோல்ட் பேனல் மூன்றை வரிசையாக இணைத்தால் காகிதத்தில், அதாவது 25 டிகிரிக் கணக்கில், 144 வோல்ட். மைனஸ் 20 டிகிரி விடியலில் அது 163 வரை போகும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி (சார்ஜ் கன்ட்ரோலர்) 150 வோல்ட்தான் தாங்கும் என்றால் அதில் போயே போய்விடும். வாங்கும் முன்பே உங்கள் இடத்தின் மிகக் கடுமையான குளிரை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பேட்டரி வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, திறன் நிரந்தரமாகக் குறைந்துவிடும். வெளிக் கொட்டகையில் வைக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். ஜெனரேட்டர் ஆத்திர அவசரத்துக்கு மட்டும். டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் சக்தியை இழக்கும், அதனால் ஒரு அளவு பெரியதாகவே வாங்குங்கள்.

விறகைப் பிளந்து அடுக்கி, முடிந்தால் இரண்டு கோடை காயவிடுங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தால் காய்ந்தது 'டங்' என்று ஒலிக்கும், ஈரக்கட்டை 'தொப்' என்று அடங்கிவிடும். ஈர விறகின் புகை புகைபோக்கியில் தாராகப் படியும். விறகு எரிக்கும் வீடு தீப்பிடிக்க அது ஒரு முக்கியக் காரணம்.

விளைச்சலைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். உருளைக்கிழங்கு, முள்ளங்கி, கோஸ், பட்டாணி எல்லாம் அருமையாக வரும். ஆனால் குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும், அதனால் தோட்டத்தைச் சரிவின் நடுவில் போடுங்கள். தானியம், எண்ணெய், உப்பு இவை கீழிருந்துதான் வர வேண்டும். பாதை மூடும் முன் வாங்கி அடுக்கிவிடுவோம்.

அப்புறம், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நேராக மேலே ஏற்றிவிடாதீர்கள். வழியில் ஓர் இரவாவது இடைப்பட்ட உயரத்தில் தங்க வையுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தலைவலியும் வாந்தியும் கூடிக்கொண்டே போனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கீழே இறக்கிவிடுங்கள்.