அக்ரிலிக்கா, கண்ணாடியா? நாலடி ரீஃப் டேங்குக்கு நான் போட்ட கணக்கு

பெங்களூர் அல்சூரில் லிஃப்ட் இல்லாத வாடகை வீடு, இரண்டாம் மாடி. அங்கே நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு ரீஃப் டேங்க் (பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) கட்ட இரண்டு பேரிடம் விலை கேட்டேன். சிவாஜிநகர் பக்கம் தொட்டி கட்டுபவர் 12 மி.மீ கண்ணாடியில், முன்பக்கம் மட்டும் எக்ஸ்ட்ரா கிளியர் (இரும்பு குறைந்த, பச்சையடிக்காத கண்ணாடி) வைத்து 38,000 ரூபாய் சொன்னார். பெயர்ப்பலகையும் ஷீல்டும் செய்கிற அக்ரிலிக் பட்டறைக்காரர் 18 மி.மீ காஸ்ட் ஷீட்டில் (அச்சில் வார்த்த அக்ரிலிக்) 74,000 சொன்னார். கண்ணாடியைத்தான் எடுத்தேன். பாதி விலை என்பதற்காக எடுக்கவில்லை. அதற்கு முன் இரண்டடி அக்ரிலிக் தொட்டி ஒன்றோடு பதினான்கு மாதம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

அக்ரிலிக் என்பது கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக்; பளிச்சென்று இருக்கும் என்பார்கள். உண்மைதான், வெளிச்சத்தில் சுமார் 92 சதவீதத்தை உள்ளே விடும். சாதாரணக் கண்ணாடியில் இரும்பு இருப்பதால் விளிம்பு பச்சையடிக்கும், தடிமன் கூடக் கூட மீனும் பச்சையடிக்கும். ஆனால் எக்ஸ்ட்ரா கிளியர் கண்ணாடிக்கும் அக்ரிலிக்குக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சூட்டை அக்ரிலிக் குறைவாகக் கடத்தும் என்பதும் சரி. சென்னையில் அது உதவலாம். இங்கே மார்ச் முதல் மே வரைதான் சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின்) ஓடுகிறது, அதில் எவ்வளவு மிச்சமாகும் என்று நான் அளந்து பார்க்கவில்லை.

எடை விஷயத்தில்தான் முதலில் ஏமாந்தேன். அக்ரிலிக் அடர்த்தி 1.19, கண்ணாடி 2.5. அப்படியானால் பாதி எடை என்று நினைத்துவிட்டேன். ஆனால் அக்ரிலிக் வளையும். அதன் விறைப்பு கண்ணாடியில் இருபதில் ஒரு பங்கு கூட இல்லை. இரண்டடி உயரத் தண்ணீரைத் தாங்க 18 மி.மீ போட்டு, மேலே நான்கு பக்கமும் பட்டை வைக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் கண்ணாடி சுமார் 86 கிலோ, அக்ரிலிக் பட்டையோடு சேர்த்து 70 கிலோ பக்கம். உள்ளே போகும் தண்ணீர் மட்டும் 430 லிட்டர். அந்தப் பதினாறு கிலோ மாடிப்படியில் ஆள் தூக்கும் ஐந்து நிமிடத்துக்குத்தான் லாபம். வீட்டுத் தளத்துக்கு இரண்டும் ஒன்றுதான், அரை டன்னுக்கு மேல்.

இனி கீறல். என்னைத் தீர்மானிக்க வைத்தது இதுதான்.

ரீஃப் டேங்க் நன்றாக ஓடினால் சுவரில் கோரலைன் பாசி வரும். ரோஜா, ஊதா நிறத்தில் சுண்ணாம்புப் பொருக்கு. (என்னிடம் ஸோவாந்திட், மஷ்ரூம், லெதர் என்ற மென்மையான பவளங்கள் மட்டும்தான். கல் பவளங்கள் எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. மன்னார் வளைகுடாவிலிருந்து ‘ஒரு பீஸ்’ கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடமிருந்து நாலு அடி தள்ளியே நில்லுங்கள்.) கல் பவளம் இல்லாவிட்டாலும் கடல்நீர் தயாரிக்கக் கரைக்கும் உப்புக் கலவையிலேயே கால்சியம் இருப்பதால் பொருக்கு வந்தே தீரும். கண்ணாடியில் பிளேடு வைத்து ஒரே இழுப்பு. அக்ரிலிக்கில் பிளேடு கூடாது, பிளாஸ்டிக் அட்டைதான். நான் காலாவதியான ஏடிஎம் கார்டால் தேய்த்தேன். இளசாக இருந்தால் வரும்; இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் கை வலிதான் மிச்சம்.

பொருக்கைக் கூடச் சமாளிக்கலாம். மணலை முடியாது. நாம் போடும் ஆரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணலின் கடினம் மோஸ் அளவில் (எண் கூடினால் கடினமும் கூடும்) 3.5 முதல் 4. கண்ணாடி 5.5 பக்கம். சுவரின் உள்பக்கத்தைத் துடைக்கும் மேக்னட்டுக்கும் சுவருக்கும் நடுவே அந்த மணல் ஒன்று மாட்டினால் கண்ணாடி பெரும்பாலும் தப்பிக்கும், அக்ரிலிக் தப்பிக்காது. எனக்கு அப்படித்தான் ஆனது: ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு மணல், தொட்டியின் நடுவில் வில் மாதிரி ஒரு கோடு. நீல விளக்குப் போட்டதும் அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படும். (கட்டுமான எம்-சாண்டைப் போட்டால் கண்ணாடிக்கும் இதே கதிதான். அதில் குவார்ட்ஸ் இருக்கிறது, மோஸ் 7.)

‘அக்ரிலிக் கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாமே, கண்ணாடியில் முடியுமா?’ என்று பட்டறைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. வெளிப்பக்கக் கீறலை நானே நீர்த்தாளில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) படிப்படியாக நைஸாக்கி, பாலிஷ் போட்டு எடுத்திருக்கிறேன். உள்பக்கம் என்றால் தண்ணீருக்குள் கைவிட்டுத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். ஒருமுறை முயன்றேன். கோடு போய், அந்த இடம் முழுக்க மங்கலாகிவிட்டது. பொறுமைசாலிகள் என்னை விட நன்றாகச் செய்யக்கூடும்.

வளைந்த முன்பக்கமோ, உருளையோ, ஆள் உயரத் தொட்டியோ வேண்டுமென்றால் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு அக்ரிலிக்குக்கே போங்கள். ஜப்பானின் ஒகினாவா சுராவுமி அக்வேரியத்தில் இருக்கும் 60 சென்டிமீட்டர் தடிமன் ஜன்னல் அக்ரிலிக்தான். அங்கே துடைப்பதற்குச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள்.

பட்டறையைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எக்ஸ்ட்ரூடட் (உருக்கி அழுத்தித் தள்ளிச் செய்த ஷீட்) வேண்டாம், காஸ்ட் ஷீட். எக்ஸ்ட்ரூடட் ஷீட்டில் ஒட்டிய இடத்தில் மயிரிழை வெடிப்பு விடும் வாய்ப்பு அதிகம். பெயர்ப்பலகைப் பட்டறைகளில் குளோரோஃபார்ம் ஊற்றி ஒட்டுவார்கள்; போர்டுக்குப் போதும், 430 லிட்டருக்குப் போதுமா என்று அவரையே கேட்டேன். ‘இதுவரை டேங்க் இவ்வளவு பெருசா பண்ணதில்ல சார்’ என்று உண்மையைச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே கீழே ஸ்டாண்டுக்குள் வைக்கும் சம்ப்பை (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) அக்ரிலிக்கில் அவரிடமே செய்துகொண்டேன், 8 மி.மீ, 9,500 ரூபாய். அங்கே கீறினால் யார் பார்க்கப் போகிறார்கள்? தடுப்புகளையும் குழாய்த் துளைகளையும் கண்ணாடியில் யாராலும் அவ்வளவு சுத்தமாகப் போட முடியாது.

கண்ணாடித் தொட்டி ஓடத் தொடங்கி இரண்டரை வருடம் ஆகிறது. சிலிக்கான் பத்து வருடம் தாங்கும் என்கிறார்கள். என்னால் இரண்டரைக்குத்தான் உத்தரவாதம் தர முடியும். வாடகை வீடு என்பதால் என்றாவது விற்க வேண்டி வரும். கண்ணாடியைக் கழுவி வைத்தால் பாதி விலைக்காவது போகும் என்று நம்புகிறேன். பழைய அக்ரிலிக் தொட்டியை 2,000 ரூபாய்க்குக் கொடுக்கிறேன் என்றேன். வந்து பார்த்தவர் டார்ச் அடித்துப் பார்த்தார், காபி குடித்தார், போய்விட்டார். இப்போது ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கரைக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.