"சாக்கெட் ஒண்ணுதான் சார், போட்டா ஓடும்": ஆக்டேவியா ஆர்எஸ், பழைய சிட்டி விடெக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மழை நின்ற மறுநாள் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். ஸ்கேனர் மாட்டினால் எஞ்சினோடு தொடர்பே கிடைக்கவில்லை. பத்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: "இசியு போர்டு போச்சு." அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி. சென்னை புதுப்பேட்டையில் (பழைய உதிரிபாகச் சந்தை) எடுத்தது என்று சொல்லி வேறொரு பெட்டியை மாட்டினார்கள். 38,000 ரூபாய். ஜிஎஸ்டி பில் கிடையாது, துண்டுச்சீட்டுதான். பழைய பெட்டியை "எக்ஸ்சேஞ்ச்" என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். வண்டி கிளம்பியது, ஓனருக்குச் சந்தோஷம்.

மூன்று வாரத்தில் இசிஆரில் ஏசி போட்டு மிதித்தால் கடகடவென்று நாக்கிங் (எஞ்சினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்), இழுவை இல்லை. வேறு இடத்தில் விசிடிஎஸ் (ஃபோக்ஸ்வாகன் குடும்ப வண்டிகளுக்கான ஸ்கேன் மென்பொருள்) மாட்டிப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் வெளியே வந்தன. பெட்டியின் மேல் ஸ்டிக்கர் 06ஏ 906 032 என்று ஆரம்பித்தது. உள்ளே இருந்த மென்பொருள் 8என்0 906 018 என்றது, அதாவது 225 குதிரைசக்தி ஆடி டிடி. சரியான சாவி இல்லாமல் வண்டி கிளம்பாதபடி தடுக்கும் இம்மொபிலைசர் முழுவதுமாக அணைக்கப்பட்டிருந்தது. மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல்: இசியு சாக்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னால், 3ஆம் பின்னுக்குப் போகும் ஒயரில் புதிதாக ஒரு ஜாயின்ட், அதன் மேல் கறுப்பு டேப். சாவி போட்டதும் 12 வோல்ட் கொண்டுவரும் ஒயர் அது. பச்சை பூத்து அறுந்திருந்த அந்த ஒயரைச் சரிசெய்துவிட்டுத்தான் "புது" பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். கோளாறு ஒயரில், காசு பெட்டிக்கு. கழற்றிய ஒரிஜினல் பெட்டி பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருந்திருக்கும். அது இப்போது யார் வண்டியில் ஓடுகிறதோ.

ஏன் இந்த ஏமாற்று இவ்வளவு சுலபமாக நடக்கிறது? பாஷ் எம்இ7.5 பெட்டி ஃபோக்ஸ்வாகன், ஆடி, சீட், ஸ்கோடா நான்கிலும் 1.8 டர்போ எஞ்சினுக்கு வந்தது. வெளியே பார்த்தால் ஒரே அலுமினியப் பெட்டி, 81 பின்னும் 40 பின்னுமாக ஒரே இரட்டைச் சாக்கெட், மொத்தம் 121. சாக்கெட் பொருந்துவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உள்ளே இருக்கும் ஃபைல், அதாவது மென்பொருள், எந்த இன்ஜெக்டருக்கு (பெட்ரோல் தெளிப்பது), எந்தக் காற்று மீட்டருக்கு, எந்த லாம்ப்டா சென்சாருக்கு (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது) எழுதப்பட்டது என்பதுதான் எல்லாம்.

மேலே சொன்ன வண்டியில் நடந்தது இதுதான். டிடி 225 எஞ்சினின் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 386 சிசி பெட்ரோல் விடும் பெரிய இன்ஜெக்டர். அந்த ஃபைல், "நான் இவ்வளவு மில்லிசெகண்ட் திறந்தால் இவ்வளவு பெட்ரோல் போகும்" என்று கணக்குப் போட்டுத் திறக்கிறது. வண்டியில் இருந்ததோ சின்ன இன்ஜெக்டர். அதே நேரம் திறந்தாலும் பெட்ரோல் குறைவு, கலவை லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. மெதுவாக ஓட்டும்போது லாம்ப்டா சென்சார் சொல்வதைக் கேட்டு இசியு கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கும். மிதித்தால் அதன் கையை மீறிவிடும்.  லீன் கலவை, அதிக பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்), சென்னை வெயில். பிஸ்டன் தப்பித்ததே பெரிய விஷயம்.

இவ்வளவு தப்பு இருந்தும் எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே என்றால், பிழைக்குறிகளை ஃபைலிலேயே அணைத்துத்தான் கொடுத்திருந்தார்கள். சாதாரணமாக இந்த நிலையில் 17536 / பி1128, "கலவை மிக லீன்" என்று வந்து நின்றிருக்கும். ஆனால் அளவுகளை அவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது. விசிடிஎஸ்ஸில் மெஷரிங் பிளாக் (அளவுகளை நேரடியாகக் காட்டும் பக்கம்) 032-ஐத் திறந்தால் முதல் கட்டம் ஐடிலில் இசியு செய்யும் பெட்ரோல் திருத்தம், இரண்டாவது ஓட்டத்தில் செய்யும் திருத்தம். நல்ல வண்டியில் இரண்டாவது எண் கூட்டலோ கழித்தலோ 10 சதவீதத்துக்குள் இருக்கும். இந்த வண்டியில் கூட்டல் 19. பிளாக் 020 நான்கு சிலிண்டருக்கும் நாக்கிங்குக்காக எவ்வளவு இக்னிஷன் பின்னுக்கு இழுக்கப்படுகிறது என்று காட்டும். பிளாக் 115 கேட்ட பூஸ்டையும் கிடைத்த பூஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். மூன்றாம் கியரில் ஒரு நீண்ட இழுப்பு, பக்கத்து சீட்டில் ஒருவர் லேப்டாப்போடு. அந்தப் பதிவு இல்லாமல் எந்த இசியு வேலைக்கும் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது ஆரம்பத்துக்கு வருவோம்: "ஸ்கேனர் பேசவில்லை" என்றாலே போர்டு போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆக்டேவியாவில் இசியு இருப்பது வைப்பருக்குக் கீழே, கண்ணாடியின் அடியில் உள்ள தொட்டி போன்ற இடத்தில். தண்ணீர் வடிய அங்கே வழி உண்டு. கோட்டூர்புரம், அடையாறு மாதிரி மரம் மூடிய தெருவில் வண்டியை நிறுத்துகிறீர்கள் என்றால் வேப்பிலையும் தூங்குமூஞ்சி இலையும் சேர்ந்து அந்த வழியை அடைத்துவிடும். ஒரு ஐப்பசி மழை போதும், பெட்டி நீரில் உட்கார்ந்துவிடும். வெள்ளம் வந்து வண்டி மூழ்க வேண்டும் என்றில்லை.

பார்க்கும் முறை: பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள் (ஒரிஜினல் ரேடியோ என்றால் கோடு கையில் இருக்கட்டும், திரும்பக் கேட்கும்). வைப்பர் கைகளின் 13 எம்எம் நட்டு, பிறகு பிளாஸ்டிக் மூடி, பிறகு இசியுவைப் பிடித்திருக்கும் கம்பி கிளிப். சாக்கெட்டைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. பேட்டரியை மாட்டி, ஒயர் பக்கச் சாக்கெட்டில் மல்டிமீட்டர் வையுங்கள். 62ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி வோல்ட் இருக்க வேண்டும்; 3ஆம் பின்னில் சாவி போட்டதும் வர வேண்டும்; 1, 2 இரண்டும் பேட்டரி நெகட்டிவோடு நல்ல தொடர்பில் இருக்க வேண்டும். ஓம்ஸ் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அரித்த ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் நல்ல எண் காட்டும். 62க்கும் 1க்கும் நடுவில் ஒரு ஹெட்லைட் பல்ப் கட்டி எரியவிடுங்கள். மங்கினால் ஒயர் போயிருக்கிறது.

43ஆம் பின் கே-லைன். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள டயக்னோசிஸ் போர்ட்டின் 7ஆம் பின்னிலிருந்து வரும் பேச்சு ஒயர் இதுதான். இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். ஃபோக்ஸ்வாகன் குடும்ப வண்டிகளின் ஒரிஜினல் ரேடியோ சாக்கெட்டிலும் இந்தக் கே-லைன் ஒரு பின்னாக வருகிறது. வெளியில் வாங்கிய ஸ்டீரியோவைச் சாதாரண அடாப்டரோடு செருகினால் அந்த ஒயர் ஸ்டீரியோவின் வேறொரு பின்னில் போய் மாட்டிக்கொள்ளும். லைன் முழுவதும் ஊமையாகிவிடும். எஞ்சின் ஓடும், ஸ்கேனர் மட்டும் எதோடும் பேசாது. ஜிபி ரோட்டில் புது செட் போட்ட அதே வாரத்தில் "இசியு போச்சு" என்று யாராவது சொன்னால் முதலில் ஸ்டீரியோவைப் பிடுங்கிவிட்டு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை, ஒரு ரூபாய் செலவில்லை.

போர்டு உண்மையாகவே நனைந்திருந்தாலும் முதல் வைத்தியம் கழுவுவதுதான். மூடியை மெல்லச் சூடாக்கிச் சிலிக்கானை விடுவித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவி, 50 முதல் 60 டிகிரியில் சில மணி நேரம் காயவிட வேண்டும். துரு எடுக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடித்து அனுப்புகிறவரிடம் திரும்பப் போகாதீர்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் முறையான வழி குளோனிங், அதாவது பழைய பெட்டியில் இருப்பதை அப்படியே மாற்றுப் பெட்டிக்குள் எழுதுவது. பழைய பெட்டியில் இரண்டு சிப்களைப் படிக்க வேண்டும்: 95040 எனும் சின்ன நினைவகம் (ஃபைல் சரியாக 512 பைட்), அதில்தான் இம்மொபிலைசர் விவரம் இருக்கிறது, பிறகு பெரிய ஃபிளாஷ், 29எஃப்800 என்றால் 10,48,576 பைட். இந்த இரண்டு ஃபைலும் உங்கள் பென் டிரைவில் வந்த பிறகுதான் பெட்டி உங்கள் கையை விட்டுப் போக வேண்டும். பெட்டி நாளைக்குத் தொலைந்தாலும் இந்த இரண்டு ஃபைல் இருந்தால் வண்டி மீளும். வாங்கும் பெட்டியின் 0 261 என்று தொடங்கும் பாஷ் ஹார்டுவேர் எண் உங்களுடையதோடு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறதா பாருங்கள். த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்றுவிடும் மூடி) கேபிளா எலெக்ட்ரானிக்கா, முன் லாம்ப்டா சாக்கெட்டில் 4 பின்னா 6 பின்னா என்பதையும் உங்கள் வண்டியிலேயே எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "ஆர்எஸ் ஃபைல் இருக்கு" என்பது மட்டும் போதாது. நம் ஊரில் விற்ற ஆர்எஸ் 150 குதிரைசக்தி, ஐரோப்பாவில் அதே பெயரில் விற்றது 180.

மாட்டிய பின் ஸ்கேனரில் இம்மொபிலைசர் அடையாள எண்ணைப் பாருங்கள். எஸ்கேஇசட் என்று தொடங்கினால் ஸ்கோடா, விடபிள்யூஇசட் ஃபோக்ஸ்வாகன், ஏயூஇசட் ஆடி. சேஸிஸ் நம்பர் தெரிந்தால் ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டையும் எழுதி மாற்ற முடியும் என்பதால் ஒத்துப்போனால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம்; ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியில் அணைந்து, 17978 / பி1570 வந்தால் இம்மொபிலைசர் பொருந்தவில்லை. "இம்மோ ஆஃப் பண்ணித் தரேன்" என்பது இதற்குச் சொல்லப்படும் குறுக்கு வழி. சிப் இல்லாத டூப்ளிகேட் சாவிக்கும் வண்டி கிளம்பும். உங்களுக்கு மட்டுமல்ல, எவனுக்கும். 16985 / பி0601 வந்தால் ஃபைலை மாற்றியவர் செக்சம் (ஃபைல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் எண்) சரிசெய்யாமல் எழுதியிருக்கிறார். கடைசியாக, த்ராட்டிலைப் புதுப் பெட்டிக்குப் பழக்க வேண்டும்: ஸ்கேனரில், எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் பேசிக் செட்டிங்ஸ் 060, கேபிள் என்றால் 098. இதைச் செய்யாமல் விட்டால் ஐடில் தள்ளாடும். அதற்கும் தனியாக ஒரு பில் போடுவார்கள்.

முதல் தலைமுறை ஹோண்டா சிட்டியில் ஏமாற்று வேறு மாதிரி. 106 குதிரைசக்தி 1.5 விடெக் (மேல் ஆர்பிஎம்மில் வால்வுகளை அதிகம் திறக்கும் ஹோண்டா முறை) வண்டிக்குச் சாதாரண 1.5 பெட்டியை மாட்டிவிடுகிறார்கள். ஸ்டார்ட் ஆகும், ஊருக்குள் நன்றாகவே ஓடும், மேல் ஆர்பிஎம்மில் அந்த இரண்டாவது மூச்சு மட்டும் வராது, ஏனென்றால் விடெக் சொலினாய்டுக்கு (கரன்ட்டில் திறக்கும் வால்வு) கரன்ட் அனுப்பும் வேலையே அந்தப் பெட்டிக்கு இல்லை. நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கிக் காட்டினால் நம்பாதீர்கள். லோடும் வேகமும் இல்லாமல் நல்ல பெட்டியிலும் விடெக் திறக்காது. சொலினாய்டைத் தனியாக அளந்தால் 14 முதல் 30 ஓம்ஸ் வர வேண்டும். வந்தும் ஓட்டத்தில் அதன் ஒயரில் 12 வோல்ட் வரவில்லை என்றால் பெட்டியைச் சந்தேகியுங்கள். லேபிளில் 37820க்கு அடுத்து வரும் மூன்று எழுத்துக் குறிதான் மாடல். கழற்றும் முன் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ்காரர்களுக்கு ஒரு வரி: ஃபியட் கோடு (ஃபியட்டின் இம்மொபிலைசர்) ஒருமுறை பதிந்த பெட்டி வேறு வண்டியின் சாவியை ஏற்காது, பெட்டியோடு கோடு பாக்ஸும் சாவியும் சேர்த்து வராவிட்டால் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள்: துண்டுச்சீட்டு, யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, ஸ்கேன் ரிப்போர்ட், பெட்டியின் ஸ்டிக்கர் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. முதலில் எழுத்தில் கேளுங்கள்: "என் பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள்." பணத்தைவிட இதற்குத்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள்.