ஓட்டு முதலிலா, துப்பாக்கியை இறக்குவது முதலிலா?

போர் ஓய்ந்த நாட்டில் தேர்தலை எப்போது வைப்பது என்று கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். சீக்கிரம் நடத்தி, மக்கள் தேர்ந்தெடுத்தவர் கையில் பொறுப்பைக் கொடுங்கள் என்பது ஒன்று. முதலில் ஆயுதத்தை வாங்குங்கள், ஓட்டு அப்புறம் என்பது மற்றது. ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆளுக்கொன்றாக இரண்டையும் செய்து பார்த்த ஆப்பிரிக்க நாடுகள் அங்கோலாவும் மொசாம்பிக்கும். இரண்டும் 1975இல் போர்த்துகலிடமிருந்து விடுபட்டவை. இரண்டும் உள்நாட்டுப் போரில் வெந்தவை.

அங்கோலாவில் அரசுக்கும் யுனிட்டா கிளர்ச்சிப் படைக்கும் 1991 மே மாதம் ஒப்பந்தம், 1992 செப்டம்பரில் தேர்தல். அந்த 16 மாதத்துக்குள் இரு படைகளையும் கலைத்து ஒரே ராணுவம் ஆக்கிவிட வேண்டும். பன்னிரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் நாட்டில் இதை மேற்பார்க்க ஐ.நா. அனுப்பிய ராணுவப் பார்வையாளர்கள் சுமார் 350 பேர்தான். படைகள் கலையவில்லை, தேர்தல் மட்டும் சொன்ன தேதியில் நடந்தது. வாக்காளர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை. அதிபர் தோஸ் சாந்தோஸுக்கு 49.6 சதவீதம், யுனிட்டா தலைவர் சவிம்பிக்கு 40.1. பாதியைத் தாண்டாததால் இரண்டாம் சுற்று வேண்டும். அது நடக்கவே இல்லை. மோசடி என்றார் சவிம்பி. அக்டோபர் முடிவதற்குள் லுவாண்டா தெருக்களில் துப்பாக்கிச் சண்டை. 2002இல் சவிம்பி கொல்லப்பட்ட பிறகுதான் போர் நின்றது.

மொசாம்பிக் அரசும் ரெனாமோ கிளர்ச்சிப் படையும் ரோமில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே அக்டோபரில்தான் அங்கோலா எரியத் தொடங்கியது. அதைப் பார்த்து மிரண்ட ஐ.நா., இங்கே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படையினரை இறக்கியது. 1993 அக்டோபரில் வரவேண்டிய தேர்தல் ஓராண்டு தள்ளிப்போனது. ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுத்தார்கள். அந்த ஓராண்டு சும்மா போகவில்லை என்பதுதான் விஷயம். முகாம்களில் கூடிய வீரர்களுக்குச் சண்டை அலுத்துப்போயிருந்தது. எங்களை வீட்டுக்கு அனுப்புங்கள், சம்பளப் பாக்கியைக் கொடுங்கள் என்று அவர்களே கலகம் செய்தார்கள். புதிய ராணுவத்துக்கு 30,000 பேர் தேவை என்று கணக்குப் போட்டிருந்தார்கள். சேர முன்வந்தவர்கள் சுமார் பன்னிரண்டாயிரம் பேர்தான்! வீடு திரும்பியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு உதவித்தொகை. ரெனாமோ கட்சி நடத்தப் பணமும் நன்கொடை நாடுகளிடமிருந்து வந்தது. லஞ்சம் என்று அதைச் சிலர் முகம் சுளித்தார்கள். போரின் செலவை நினைத்தால் மலிவு என்பேன்.

1994 அக்டோபர் 27, வாக்குப்பதிவு தொடங்கும் நேரத்தில் ரெனாமோ தலைவர் டிலக்காமா புறக்கணிப்பு என்று அறிவித்தார். அங்கோலாவே திரும்பிவிட்டது என்று தோன்றியிருக்கும். ஆனால் பின்னால் நிற்கப் படை இல்லை. மறுநாளே திரும்பி வந்தார். வாக்குப்பதிவுக்கு ஒருநாள் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதிபர் தேர்தலில் அவர் 33.7 சதவீதத்துடன் தோற்றார்; 112 இடங்களுடன் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தது அவர் கட்சி.

சரி, வரிசையை மாற்றினால் போதுமா என்றால், இல்லை. சவிம்பியிடம் வைரச் சுரங்கங்கள் இருந்தன. டிலக்காமாவிடம் அப்படி ஒன்றும் கிடையாது. மண்ணுக்கடியில் புதைத்த துப்பாக்கிகள் மொசாம்பிக்கிலும் இருக்கத்தான் செய்தன. 2013இல் ரெனாமோ மறுபடி சுடவும் செய்தது. ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் என் கை மொசாம்பிக் பக்கம்தான் போகும். தோற்றவன் காட்டுக்குத் திரும்ப முடியாத நிலையில்தான் ஓட்டு எண்ணிக்கைக்கு மதிப்பு வருகிறது.

இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. 2011இல் தனி நாடான தெற்கு சூடானில் இன்றுவரை ஒரு பொதுத்தேர்தல் நடந்ததில்லை. உள்நாட்டுப் போரை நிறுத்த 2018இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகும் படைகளை ஒன்றாக்கவில்லை, நிரந்தர அரசியல் சட்டம் எழுதவில்லை. தேதியை மட்டும் நகர்த்தினார்கள். கடைசியாக 2024 செப்டம்பரில் நகர்த்தியபோது குறித்த தேதி 2026 டிசம்பர். அந்த ஒப்பந்தத்தின் முக்கியமான இரு தலைவர்களில் ஒருவரான ரியெக் மச்சாரை 2025 மார்ச்சில் வீட்டுக்காவலில் வைத்தார்கள். செப்டம்பரில் தேசத்துரோக வழக்கும் போட்டாயிற்று.