நியோ 2: வாளுக்கு முன்னால் மூச்சைப் பழகுங்கள்

டீம் நிஞ்ஜா உருவாக்கிய 'நியோ 2' என்ற வீடியோ கேம் 2020 மார்ச்சில் பிஎஸ்4 கன்சோலுக்கு வந்தது. டிஎல்சி எனப்படும் கூடுதல் கதைப் பகுதிகள் மூன்றும் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷன் 2021 பிப்ரவரியில் கணினிக்கு வந்தது. கதை 1555-இல் ஜப்பானின் மினோ நாட்டில் தொடங்குகிறது. நாம் உருவாக்கும் வீரர் பாதி மனிதர், பாதி யோக்காய். பேய், பூதம், பிசாசு எல்லாவற்றுக்கும் அங்கே பொதுப்பெயர் யோக்காய்.

பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் இந்த ஆட்டத்தில் முதல் ஊரைக்கூடத் தாண்ட முடியாது. வெட்ட, தடுக்க, விலக, ஓட எல்லாவற்றுக்கும் உயிர்க்கோட்டின் கீழே இருக்கும் 'கி' என்ற மூச்சுப் பலம் கரையும். அது தீர்ந்தபின் ஓர் அடி வாங்கினால் வீரர் மூச்சு வாங்கி நின்றுவிடுவார், அடுத்த அடியில் சாவுதான். கி பல்ஸ் இதற்காகவே இருக்கிறது. வீச்சு முடிந்ததும் நீலவெள்ளைத் துகள்கள் உடம்பை நோக்கிக் குவியும். அவை முழுதாகக் குவியும் கணத்தில் ஆர்1 பட்டனை அழுத்தினால் செலவான கி பெரும்பாலும் திரும்பிவிடும். அவசரப்பட்டு முன்னாலேயே அழுத்தினால் கொஞ்சம்தான் திரும்பும். யோக்காய் பரப்பும் கருவட்டத்துக்குள் கி ஊறுவதே மந்தம். அந்த வட்டத்தைக் கலைப்பதும் இதே பல்ஸ்தான். இரண்டு வெட்டு, ஒரு பல்ஸ், ஒரு விலகல் என்று முதல் இரண்டு மணி நேரம் கைக்குப் பழக்குங்கள், லெவல் ஏற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாமுராய் திறன்களில் 'ரன்னிங் வாட்டர்' கிடைத்ததும் வாங்கிவிடுங்கள். அதன்பின் விலகினாலே பல்ஸ் விழும்.

ஒவ்வொரு ஆயுதத்துக்கும் மேல், நடு, கீழ் என மூன்று நிலைகள். சிலம்பம் கற்றவர்களுக்கு இது உடனே பிடிபடும். மேல்நிலையில் அடி கனம், கி செலவும் கனம். கீழ்நிலையில் விலகல் வேகம். நடுநிலை தடுப்பதற்கு. ஈட்டி எட்டிக் குத்தும் என்பதால் புதியவர்களுக்கு நல்லது. இரட்டைக் கைக்கோடரியை எறியலாம். வளரி தெரிந்த மறவர் சீமைக்காரர்களுக்கு அது தனிச் சுகம். எதை எடுத்தாலும் மொத்த எடை 70 சதவீதத்துக்குள் இருக்கட்டும். தாண்டினால் சுறுசுறுப்பு 'சி' தரத்துக்கு இறங்கும், விலகினாலே கி கூடுதலாகப் போகும். பளபளக்கும் கனக் கவசத்தை ஆசைப்பட்டுப் போட்டு, எதற்குச் சாகிறோம் என்றே தெரியாமல் சாகிறவர்கள் நிறைய.

யோக்காய் சிவப்பாகச் சுடர்விட்டுப் பாயும்போது ஆர்2-ஐயும் வட்டப் பட்டனையும் சேர்த்து அழுத்துவது பர்ஸ்ட் கவுண்டர் என்ற எதிரடி. நம் வீரரின் யோக்காய் உருவம் புரூட், ஃபெரல், ஃபாண்டம் என மூன்று வகை. அவற்றில் முன்பாய்ந்து மோதும் புரூட்டில் தொடங்குவது எளிது. ஃபாண்டம் என்பது நேரம் பார்த்துத் தடுப்பது, கண் பழகிய பிறகு மாறிக்கொள்ளலாம். எருதுத்தலைக் கோசுகி முதல் கட்டத்திலேயே வழிமறிக்கும். அதன் கொம்பைக் குறிவைத்தால் அதன் கி வேகமாகச் சரியும். செத்தால், லெவல் ஏற்றச் சேர்த்த அம்ரிதா கல்லறையில் கிடக்கும். அதை மீட்பதற்குள் மறுபடி செத்தால் எல்லாம் போச்சு. அதனால் இளைப்பாறி ஆட்டத்தைச் சேமிக்கும் இடமான சன்னதிக்குத் திரும்பும் குறுக்கு வழியைத் திறக்காமல் முன்னே போகாதீர்கள்.

குறை என்றால் சாமான் குவியல்தான். ஒவ்வொரு சண்டைக்கும் பத்து வாள், பத்துக் கவசம். பிரித்துப் பார்ப்பதிலேயே மாலை போய்விடும். தேவையில்லாததைச் சன்னதியில் காணிக்கையாகப் போட்டால் அம்ரிதா கிடைக்கும். தொடக்கத்தில் கொல்லரிடம் ஓர் ஆயுதத்தைக் கொடுத்து இன்னொன்றின் லெவலை ஏற்றும் சோல் மேட்ச் வேண்டாம், செலவு தாங்காது. கதையும் ஆண்டுகளைத் தாண்டித் தாண்டி ஓடுகிறது.

இனி நம் கரைக்கு. கணினிப் பதிப்புக்கு 80 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். ஒரு நாளைக்கு 2 ஜிபி திட்டத்தில் இறக்கினால் நாற்பது நாளுக்கு மேல் ஆகும். தொண்டியோ கீழக்கரையோ, ஃபைபர் இல்லாத வீட்டில் பிஎஸ்4 டிஸ்க்தான் சரி. மெனு திறந்தாலும் ஆட்டம் நிற்காது, கரண்ட்டும் சொல்லிக்கொண்டு போகாது. 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருந்தால் அருகிலுள்ள சன்னதிவரை போய் வணங்கிவிட்டு அணைக்க நேரம் கிடைக்கும்.

பாம்பன், மண்டபம் போலக் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று தூசியோடு சேர்ந்து மின்விசிறியில் பிசுபிசுவென ஒட்டும். சூடு வெளியேறாமல் விசிறி இரையும். கன்சோலைத் தரையிலோ கடல் பார்த்த சன்னலோரமோ வைக்காதீர்கள். ஆடி முடித்துச் சூடு ஆறியபிறகே துணி போடுங்கள். எச்டிஎம்ஐ முனையில் பச்சைக் களிம்பு தெரிந்தால் படம் விட்டுவிட்டு வரும். அந்தக் கேபிளைச் சுரண்டிப் பிழைக்க வைக்காமல் மாற்றிவிடுங்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மூவர் கூட்டாட்டம் வேண்டாம். சிக்னல் தடுமாறினால் அடி திரையில் தெரியும் முன்பே உயிர் குறைந்திருக்கும். துணை வேண்டுமென்றால் வழியில் தென்படும் நீலக் கல்லறையில் ஓச்சோகோ கிண்ணம் வையுங்கள். வருபவரைக் கணினியே நடத்தும், யோக்காய் அவர் பக்கம் திரும்பும் நேரத்தில் கி நிரப்பிக்கொள்ளலாம்.