சிங்கப்பூர் – கோலாலம்பூர்: நேர் பஸ்ஸா, லார்கின் வழியா?

அக்காவைக் கோலாலம்பூரில் கட்டிக்கொடுத்ததிலிருந்து வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது சிங்கப்பூரிலிருந்து பஸ் ஏறிவிடுகிறேன். விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் சாங்கி போய்ச் சேர்வது, முன்கூட்டியே போய் நிற்பது, அந்தப் பக்கம் செப்பாங் விமான நிலையத்தில் இறங்கி ஊருக்குள் வருவது எல்லாவற்றையும் கூட்டினால் பாதி நாள் போய்விடும். பஸ்ஸுக்கும் அதே பாதி நாள்தான். அதனால் பஸ்ஸா விமானமா என்ற கேள்வி எனக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. எந்த பஸ் என்பதுதான் ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வழி இரண்டு. ஒன்று, சிங்கப்பூரிலேயே ஏறி கோலாலம்பூரில் இறங்கும் நேர் பஸ். சுமார் 350 கிலோமீட்டர், எல்லையில் கூட்டமில்லை என்றால் ஐந்தரை, ஆறு மணி நேரம். இன்னொன்று, உள்ளூர் பஸ்ஸில் கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூர் பாருவின் லார்கின் நிலையத்துக்குப் போய், அங்கே மலேசிய பஸ் ஏறுவது. லார்கினிலிருந்து கோலாலம்பூர் நாலரை மணி நேரம் பிடிக்கும். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். ஆனால் எல்லையில் நடப்பது வேறு வேறு.

எல்லையில் யாருக்காக யார் காத்திருப்பது

நேர் பஸ்கள் பெரும்பாலும் துவாஸ் வழியாகப் போகும். 1998 ஜனவரியில் திறந்த இரண்டாம் இணைப்புப் பாலம் அங்கேதான் இருக்கிறது. உட்லண்ட்ஸ் கடற்பாலம் 1924இல் திறந்தது. தினமும் வேலைக்கு வந்து போகிறவர்கள், மோட்டார் சைக்கிள்கள், காய்கறி லாரிகள் என்று அதன் சுமை பெரியது. துவாஸில் அவ்வளவு நெருக்கடி இருக்காது. சிங்கப்பூர்ப் பக்கம் இறங்கி பாஸ்போர்ட் முத்திரை வேலையை முடித்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறிப் பாலம் தாண்டுவோம். மலேசியப் பக்கம் மறுபடி இறங்க வேண்டும். இந்தத் தடவை பெட்டி, பை, தின்பண்டக் கூடை எல்லாவற்றையும் இறக்கி, ஸ்கேன் இயந்திரத்தில் போட்டு எடுத்துக்கொண்டு திரும்ப வர வேண்டும்.

பஸ் அங்கே ஓரளவுக்குத்தான் காத்திருக்கும். இருபது நிமிஷம், அரை மணி என்று ஓட்டுநர் சொல்லிவிடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது, உள்ளே இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு தடவை அம்மாவோடு போனேன். குடிநுழைவு மேசையில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். அம்மா வைத்தார், இயந்திரம் ஏற்கவில்லை. விரலைத் துடைக்கச் சொன்னார் அந்த அதிகாரி. அம்மா சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதுவும் இல்லை. நாற்பது வருஷம் பாத்திரம் தேய்த்த விரல், ரேகை தேய்ந்துவிட்டது. பக்கத்து அறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மரியாதையாகத்தான் நடத்தினார்கள், ஆனால் எங்களுக்கு முன்னால் ஆறேழு பேர் இருந்தார்கள். வேலை முடிந்து கீழே வந்தபோது எங்கள் பஸ் நின்ற இடம் காலி. பெட்டிகள் கையில் இருந்ததுதான் ஆறுதல். முக்கால் மணி நேரம் கழித்து அதே நிறுவனத்தின் இன்னொரு பஸ் வந்தது, இரண்டு இருக்கை காலியாக இருந்தது, ஏற்றிக்கொண்டார்கள். அந்த முக்கால் மணி நேரமும் அம்மா எதுவும் பேசவில்லை. தன்னால்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நேர் பஸ்ஸில் இரண்டு காரியம் தவறாமல் செய்கிறேன். இறங்கியவுடன் பஸ்ஸின் எண் பலகையைப் படம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் ஒரே நிறத்தில் நாலு பஸ் வரிசையாக நிற்கும். கூட வயதானவர் இருந்தால் இறங்குவதற்கு முன்னாலேயே ஓட்டுநரிடம் "எங்களுக்குக் கொஞ்சம் நேரமாகலாம்" என்று சொல்லி, அவர் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். கேட்டால் கொடுக்கிறார்கள்.

லார்கின் வழியில் இந்தக் கவலையே கிடையாது. குவீன் ஸ்திரீட் நிலையத்திலிருந்து 170ஆம் எண் பஸ்ஸும் காஸ்வே லிங்க் நிறுவனத்தின் மஞ்சள் பஸ்ஸும் புறப்படுகின்றன. லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவில் சாமான் வாங்கிவிட்டு நடந்தே போய் ஏறலாம். உட்லண்ட்ஸில் இறங்கி முத்திரை வேலை முடிந்ததும், வந்த பஸ்ஸைத் தேட வேண்டாம். அதே எண்ணில் அடுத்து எது வருகிறதோ அதில் ஏறிக்கொள்ளலாம். அட்டையைத் தட்டி ஏறியிருந்தால் மறுபடி அட்டை; காகிதச் சீட்டு வாங்கியிருந்தால் அதைத் தொலைக்காதீர்கள், அதைத்தான் காட்ட வேண்டும். யாரும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை, அதனால் யாரும் விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

இதற்கும் ஒரு விலை உண்டு. பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு நாலு தடவை ஏறி இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சக்கரப் பெட்டியை இழுக்கக்கூட இடம் இருக்காது. பஸ் பாலத்தில் ஊர்கிறதே என்று சிலர் இறங்கி நடப்பதைப் பார்க்கலாம். நடைபாதை என்று ஒழுங்காக ஒன்று கிடையாது, பக்கத்திலேயே மோட்டார் சைக்கிள்கள் பறக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

காசுக் கணக்கு

இங்கேதான் பலரும் லார்கின் பக்கம் சாய்கிறார்கள், காரணம் எளிது. சிங்கப்பூரில் வாங்கும் சீட்டு சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்), லார்கினில் வாங்குவது ரிங்கிட்டில். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. நேர் பஸ்ஸுக்குச் சாதாரண நாளில் 25 வெள்ளியிலிருந்து மேலே போகும், பண்டிகை நாளில் இரட்டிப்பாகிவிடும். லார்கின் வழியில் எல்லை வரை இரண்டு மூன்று வெள்ளி, லார்கினிலிருந்து 35, 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் ஏறக்குறைய பாதிச் செலவு. நாலு பேர் குடும்பமாகப் போனால் மிச்சமாகும் காசில் அக்கா வீட்டுக்கு நல்ல பலகாரப் பெட்டியே வாங்கிவிடலாம்.

திரும்பி வரும்போது கணக்கு மாறும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் வரும் நேர் பஸ்ஸை ரிங்கிட்டிலேயே வாங்கலாம். போகும் சீட்டைவிட அது பல நேரம் மலிவாக இருக்கும். அதனால் போக வர சீட்டைச் சேர்த்து சிங்கப்பூரில் வாங்குவதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக விலை பாருங்கள். நான் சேர்த்து வாங்குவதை விட்டே பல வருஷம் ஆகிறது.

எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது

முன்பெல்லாம் மலேசிய பஸ் என்றாலே கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ்தான். கோலாலம்பூர், பினாங்கு, தாய்லாந்தின் ஹாட்யாய் வரை அங்கிருந்து பஸ் போகும். கீழ்த்தளத்தில் தாய்ச் சாப்பாட்டு மணமும் டீசல் புகையும் கலந்து வரும். அந்தக் கட்டடம் விற்பனையாகி 2023 மே மாதத்தோடு கடைக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். இப்போது பக்கத்தில் உள்ள கோல்டன் மைல் டவர், இன்னும் சில இடங்கள் என்று பிரிந்துவிட்டது. சீட்டில் எந்த இடம் போட்டிருக்கிறது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். பழைய ஞாபகத்தில் போய் நிற்பவர்கள் இன்னும் உண்டு.

லார்கினுக்கு அந்தக் குழப்பம் கிடையாது, வேறு குழப்பம் உண்டு. உள்ளே நுழைந்ததும் "கேஎல்? கேஎல்?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் சூழ்வார்கள். சிரித்துக்கொண்டே தாண்டிப்போய் நேராகக் கவுண்டரில் வாங்குங்கள். சாதாரண நாளில் முன்பதிவு வேண்டியதில்லை, அடிக்கடி பஸ் இருக்கிறது. நேர் பஸ்ஸால் தர முடியாத ஒன்றும் லார்கினில் உண்டு: மூவார், பத்து பகாட், சிரம்பான், ஈப்போ என்று எந்த ஊருக்கும் அங்கே பஸ் கிடைக்கும். உங்கள் சொந்தக்காரர் வீடு கோலாலம்பூரில் இல்லாமல் வழியில் எங்காவது இருந்தால், யோசிக்கவே வேண்டாம், லார்கின்தான்.

அவசரமில்லை என்றால் ஜோகூர் பாருவில் இறங்கி, சோதனைச்சாவடியிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ராஜகாளியம்மன் கோயிலுக்கு ஒரு நடை போய்வரலாம். சுவர், தூண், மேற்கூரை எல்லாம் கண்ணாடித் துண்டுகள் பதித்த கோயில். ஒரு விளக்கு ஆயிரம் விளக்காகத் தெரியும். நேர் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

கோலாலம்பூரில் இரண்டு வகை பஸ்ஸும் பெரும்பாலும் டிபிஎஸ் என்கிற தென்பக்க ஒருங்கிணைந்த பஸ் நிலையத்தில்தான் இறக்கிவிடும். 2011இலிருந்து தென்பக்க பஸ்களுக்கு அதுதான் வாசல். ஊருக்குக் கொஞ்சம் வெளியேதான் இருக்கிறது, ஆனால் எல்ஆர்டி (நகர ரயில்), கொமுட்டர் (புறநகர் ரயில்), விமான நிலைய ரயில் மூன்றும் ஒட்டியே இருப்பதால் சிரமமில்லை. கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் போய் இறங்கினால், இந்தியர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் நடை தூரம். நள்ளிரவு பஸ்ஸை மட்டும் நான் தவிர்க்கிறேன். ஹோட்டல் காசு மிச்சம் என்று ஏறினால் விடிகாலை நாலு, நாலரைக்கு டிபிஎஸ்ஸில் இறக்கிவிடுவார்கள். முதல் ரயிலுக்கு ஆறு மணி வரை குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாள் பார்த்துப் புறப்படுவது

எந்த வழியாக இருந்தாலும் நாளைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டுமே ஒன்றுதான். வெள்ளி மாலை போக்கும் ஞாயிறு மாலை திரும்பலும் மோசம். முன்பு ஜோகூரில் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை பற்றி வேறு யோசனை சொல்வார்கள். 2025 ஜனவரியிலிருந்து அங்கேயும் சனி, ஞாயிறுதான் விடுமுறை. அந்தப் பழைய யோசனைகளை மறந்துவிடுங்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: கோலாலம்பூர், சிலாங்கூர், ஜோகூரில் அன்று பொது விடுமுறை, சிங்கப்பூரில் இல்லை. முதல் நாள் வேலை முடிந்து ஓடிவரும் கூட்டம் முழுக்க ஒரே இரவில் எல்லையில் நிற்கும். அந்த இரவில் நேர் பஸ் மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்வதைப் பார்த்திருக்கிறேன். லார்கின் வழியும் அன்று சுகமில்லை, ஆனால் தவறவிட்ட பஸ்ஸுக்குப் பதில் அடுத்த பஸ் இருக்கிறது.

காகித வேலை இரண்டுக்கும் பொது. சிங்கப்பூர்க் குடிமக்களைத் தவிரப் பெரும்பாலான வெளிநாட்டவர் மலேசியாவின் மின் வருகை அட்டையை, நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்குச் சுற்றுலாப் பயணிகளாகத் திரும்புகிறவர்களுக்கும் அதேபோல் ஒரு வருகை அட்டை உண்டு. இரண்டும் இலவசம், காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு மலேசியா 2026 கடைசி வரை 30 நாள் விசா இல்லாமல் அனுமதிக்கிறது. ஆனால் சிங்கப்பூர் விசா பல முறை நுழையும் வகைதானா என்று புறப்படும் முன் பாருங்கள். போய்விட்டுத் திரும்ப முடியாமல் போனால் பெரிய வேதனை. திரும்பும்போது சிகரெட், மது வாங்கி வராதீர்கள். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டுக்கும் வரிச் சலுகை கிடையாது.

ரயிலும் இப்போது போட்டிக்கு வந்திருக்கிறது. 2025 டிசம்பரிலிருந்து ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்கு மின்சார ரயில் நேராக ஓடுகிறது. நெரிசலில் மாட்டாது என்பது உண்மைதான். ஆனால் நினைத்தவுடன் சீட்டு கிடைக்காது, உட்லண்ட்ஸைத் தாண்டும் வேலையும் உங்களுடையதுதான். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே திட்டமிடுகிறவர்களுக்கு அது நல்லது.

என்னைக் கேட்டால், தனியாக, ஒரு முதுகுப் பையோடு என்றால் எப்போதும் லார்கின்தான். கைக்குழந்தை, வயதானவர், மூன்று பெட்டி என்றால் வார நாள் காலையில் துவாஸ் வழி நேர் பஸ். ஓட்டுநர் எண் கையில் இருக்கட்டும். தீபாவளிக்கு நான்கு நாள் முன்னதாகவே அம்மாவை அப்படித்தான் கூட்டிப்போகப் போகிறேன். இந்தத் தடவை அம்மாவுக்கு முன்சீட்டு, விரலுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். பிசுபிசுப்பு இல்லாமல் துடைத்துவிட்டு வைத்தால் ரேகை பதிகிறது என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார்.