கேர்னலை மாற்றியபின் ஸ்னாப்ஷாட் திறக்காவிட்டால்: பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 ஆகியவற்றில் எது?

புதுக்குடியிருப்பில் ஒரு ஸ்டூடியோவின் கணனிகளைப் பராமரித்து வருகிறேன். அங்கே கலியாணப் படங்களோடு, இடப்பெயர்வுகளில் தப்பிய பழைய குடும்பப் படங்களின் ஸ்கான் பிரதிகளும் இருக்கின்றன. ஸ்கான் செய்த கையோடு மூலப்படத்தை வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்ட குடும்பங்கள் பல. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலை ஒருமுறை புதுப்பித்தபின், பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டுகள் (ஒரு கணத்தில் கோப்புகள் இருந்த நிலையைப் பதிந்து வைத்தவை) சில 'பேரன்ட் ட்ரான்ஸ்ஐடி வெரிஃபை ஃபெயில்ட்' என்று சொல்லித் திறக்க மறுத்தபோது, பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 ஆகிய கோப்பு முறைமைகளில் (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகள்) எதில் நிலைப்பது என்று முடிவெடுக்க வேண்டியதாயிற்று.

கணனி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கேர்னலைத் தெரிவு செய்து பூட் செய்வது எவரும் முதலில் செய்ய வேண்டியது. ஆனால் அது புதிய சேதத்தைத்தான் நிறுத்தும். பிழையாக எழுதப்பட்டுவிட்டது அப்படியேதான் இருக்கும். 2014இல் வெளிவந்த 3.17 கேர்னலில், மாற்ற முடியாதவை என்று நாம் நம்பும் வாசிப்புக்கு மட்டுமான ஸ்னாப்ஷாட்டுகளே பழுதாகின, 3.17.2இல் அது திருத்தப்பட்டது. 2019இல் 5.2 கேர்னலிலும் பிடிஆர்எஃப்எஸ் மெட்டாடேட்டாவை (கோப்புகளைப் பற்றிய உள் பதிவுகளை) கெடுக்கும் வழு ஒன்று இருந்து, 5.2.15இல் சரிசெய்யப்பட்டது. பிடிஆர்எஃப்எஸ்ஸைச் சோதிக்கும் 'செக்' கட்டளையின் 'ரிப்பேர்' தெரிவை, விடயம் தெரிந்தவர் சொல்லாமல் ஓட்ட வேண்டாமென்று அதன் கையேடே எச்சரிக்கிறது. மவுண்ட் ஆகாத, அதாவது கணனி திறக்க மறுக்கும், டிஸ்க்கிலிருந்து 'பிடிஆர்எஃப்எஸ் ரிஸ்டோர்' மூலம் கோப்புகளை வெளியே எடுக்கலாம் என்பது உண்மையான ஆறுதல்.

இசட்எஃப்எஸ்ஸை ஒரேயொரு இயந்திரத்தில்தான் பயன்படுத்தியிருக்கிறேன், ஆகவே என் கருத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். அது லினக்ஸ் கேர்னலோடு சேர்ந்து வருவதில்லை. கேர்னல் மாறும்போது கேர்னலோடு இணையும் அதன் மொடியூலும் பொருந்தி வர வேண்டும். 2023 நவம்பரில் அதிலும் தரவைச் சத்தமின்றிக் கெடுக்கும் வழு வெளிப்பட்டு, 2.2.2, 2.1.14 பதிப்புகளில் திருத்தப்பட்டது.

நாங்கள் தெரிவு செய்தது ஈஎக்ஸ்டி4உம், வெளி ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டுக்கு ஆர்சிங்க் என்ற பிரதியெடுக்கும் கருவி மூலம் எடுக்கும் பிரதியும். ஈஎக்ஸ்டி4 குற்றமற்றது என்பதற்காக அல்ல: 2023 டிசம்பரில் 6.1.64 கேர்னலின் ஈஎக்ஸ்டி4 வழுவால் டெபியன் 12.3 வெளியீடே தள்ளிப்போனது. எங்களுக்குத் தீர்மானமாக இருந்தது மீட்டெடுக்கும் வழி. மின்சாரம் நின்று நின்று வரும் ஊரில், மொபைல் டேட்டாவை நம்பி இருக்கும் கடையில், பழுது ஏற்படும் நாளில் உதவிக்கு யாரும் இல்லையென்றே திட்டமிட வேண்டும். 'லிங்க்-டெஸ்ட்' (--link-dest) தெரிவோடு ஆர்சிங்கை ஓட்டினால் ஒவ்வொரு நாளுக்கும் திகதியிட்ட ஒரு ஃபோல்டர் கிடைக்கிறது. மாறாத கோப்பு ஹார்ட் லிங்க்காக (ஏற்கெனவே உள்ள அதே கோப்புக்கு இன்னொரு பெயராக) நிற்பதால் இடமும் வீணாகாது. மீட்பதற்கு ஃபோல்டரைத் திறந்து கோப்பை இழுத்துப் போட்டால் போதும்; லினக்ஸ் உள்ள யூஎஸ்பி ஒன்றிருந்தால் ஸ்டூடியோப் பிள்ளைகளே அதைச் செய்துவிடுவார்கள். ஸ்னாப்ஷாட் எத்தனை இருந்தாலும் அவை மூலத்தோடு ஒரே டிஸ்க்கில், ஒரே கேர்னலின் கையில் இருக்கின்றன. கழற்றி அலுமாரியில் வைத்த டிஸ்க்கை எந்தக் கேர்னலும் தொடாது.

இதில் இழப்பும் உண்டு. ஈஎக்ஸ்டி4 கோப்புகளின் உள்ளடக்கத்துக்குச் செக்சம் (மாற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் சரிபார்ப்பு எண்) வைப்பதில்லை; பிடிஆர்எஃப்எஸ்ஸின் 'ஸ்கிரப்' என்ற சரிபார்ப்பு காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய பழுது இங்கே தெரியாமலே கிடக்கலாம். அதனால் ஸ்கான் படங்களுக்கு எஸ்எச்ஏ256 என்ற வகைச் செக்சங்களின் பட்டியல் ஒன்றை வைத்து ஒப்பிடுகிறோம். ஹார்ட் லிங்க் என்றால் பல திகதிகளுக்கும் பௌதிகமாக ஒரே பிரதி என்பதால், இரண்டாவது டிஸ்க்கைத் தவிர்க்க முடியாது. வெளி டிஸ்க்கை எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறைமையில் வைத்தால் ஹார்ட் லிங்க் வேலை செய்யாது என்பதையும் வாங்கும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

கேர்னலைப் புதுப்பிக்கும் நாளில் இரண்டு டிஸ்க்குகளும் கழற்றியே இருக்கும். புதிய கேர்னலில் சில நாட்கள் வேலை நடந்து, பட்டியல் ஒத்துவந்த பிறகு ஒன்றை மட்டும் மீண்டும் செருகுகிறோம்.