ஒரு சாண் நீள ட்ரக்குடன் 14 மாதங்கள்

உண்மையான வண்டியின் 24-இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்ட, பாறை ஏறும் வகையைச் சேர்ந்த ரிமோட் ட்ரக் ஒன்றைக் கடந்த 14 மாதங்களாக வாரத்துக்கு மூன்று நான்கு முறையாவது ஓட்டி வருகிறேன். அதன் நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. பெட்டியிலிருந்து எடுத்துப் பேட்டரியை மாட்டிச் சமையலறைத் தராசில் வைத்தபோது 340 கிராம் காட்டியது. இந்த 14 மாதங்களில் டயர், சக்கரம், சர்வோ (முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்), ஷாக் அப்சார்பர், டிரைவ் ஷாஃப்ட் (மோட்டாரின் விசையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு), மோட்டார் என்று மாற்றக்கூடிய பாகங்களில் பெரும்பாலானவற்றை ஒருமுறையேனும் மாற்றிப் பார்த்துவிட்டேன். அப்படி வாங்கியவற்றில் ஏறத்தாழ பாதி இப்போது உதிரி பாக டப்பாவில் கிடக்கின்றன. அவை இருந்த இடங்களில் ட்ரக்குடன் வந்த பிளாஸ்டிக் பாகங்களையே திரும்பப் பூட்டியிருக்கிறேன். எவை நிலைத்தன, எவை கழன்றன, அதற்குக் காரணம் என்ன என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வண்டியின் அமைப்பு. விசை நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. முன், பின் ஆக்சில் இரண்டிலும், இருபக்கச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. இடதும் வலதும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது தொடர்ந்து இழுப்பதற்கு இதுதான் காரணம். திரும்பும் வட்டம் பெரிதாக இருப்பதற்கும், சமதளத்தில் திருப்பும்போது டயர்கள் தேய்ந்து இழுபடுவதற்கும் இதே அமைப்புதான் காரணம். மோட்டார் கார்பன் பிரஷ் உள்ள சிறிய வகை. பேட்டரி 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்), 7.4 வோல்ட், 350 மில்லி ஆம்பியர் மணி. நடை வேகத்தை எட்டாத வண்டி என்பதால் இந்தச் சிறிய பேட்டரியே பாறைகளில் 40 நிமிடங்கள் வரை தாங்குகிறது.

இவ்வளவு சிறிய ட்ரக்கை மதிப்பிடும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நீளம் 24-இல் ஒரு பங்கு என்றால் கன அளவு 13,824-இல் ஒரு பங்கு. 2,000 கிலோ எடையுள்ள ஜீப் ஒன்றைக் கணக்குப்படி சுருக்கினால் 145 கிராம்தான் வரும். என் வண்டி அதைவிட இரு மடங்குக்கும் மேல் கனமானது. ஆனால் புவியீர்ப்பை யாரும் சுருக்க முடியாது. பெரிய வண்டி சாய்ந்து விழ எடுக்கும் நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலேயே இது விழுந்துவிடுகிறது. கை ரிமோட்டில் எதிர்த்திசைக்கு வருவதற்குள் ட்ரக் மல்லாந்து கிடக்கும். ஆகவே கவிழாமல் நிற்பதற்கான ஏற்பாடு ஓட்டுபவரின் கைத்திறனை நம்பி இருக்கக் கூடாது. அது வண்டியின் எடைப் பகிர்விலேயே அமைந்திருக்க வேண்டும். நான் செய்த மாற்றங்களில் உண்மையாகப் பலன் தந்தவை பெரும்பாலும் எடையைப் பற்றியவையாகவே இருந்தன என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சாய்வைச் சோதிக்க ஒரு பலகையையும் கோணமானியையும் பயன்படுத்தினேன். ட்ரக்கைப் பலகையில் குறுக்காக நிறுத்தி, சக்கரங்கள் வழுக்காமலிருக்கக் கீழ்ப்பக்கம் ஒரு மெல்லிய சட்டத்தை ஒட்டி, பலகையை மெதுவாக உயர்த்தினால் எந்தக் கோணத்தில் மேல்பக்கச் சக்கரங்கள் எழும்புகின்றன என்பது தெரிந்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் 44 பாகை கிடைத்தது. கூரையின் மேலிருந்த சாமான் தட்டையும் அதில் மாட்டியிருந்த உபரிச் சக்கரத்தையும், இரண்டும் சேர்ந்து வெறும் 18 கிராம், கழற்றியதும் 46 பாகை ஆனது. பிறகு பித்தளைப் பாகங்களாக 70 கிராமைச் சக்கர மட்டத்தில் சேர்த்தபோது 48-க்கும் 49-க்கும் இடையில் வந்து நின்றது. காசு கொடுத்துச் சேர்த்த 70 கிராம் தந்த பலனுக்கு நெருக்கமான பலனை, காசில்லாமல் உச்சியிலிருந்து எடுத்த 18 கிராம் தந்துவிட்டது. அழகுக்காகக் கூரையில் விளக்குப் பட்டை, பெட்டி, பெட்ரோல் கேன் என்று அடுக்க நினைப்பவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

பித்தளையை ஏன் எல்லோரும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு அடர்த்திதான் விடை. ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை 8.5 கிராம் அளவுக்கு வரும், அலுமினியம் 2.7 கிராம்தான். இடமே இல்லாத சிறு ஆக்சிலில் எடையை ஒளித்துவைக்கப் பித்தளை பொருத்தமானது. இன்னொரு நன்மையும் உண்டு. ஆக்சிலிலும் சக்கரத்திலும் ஏறும் எடையை ஸ்பிரிங் தாங்க வேண்டியதில்லை என்பதால் வண்டியின் உயரம் தணிவதில்லை. என் 70 கிராமில் 52 கிராம் முன்புறத்தில் இருக்கிறது: முன் சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் முட்டிகள் இரண்டும், முன் சக்கரங்களுக்குள் அமரும் வளையங்கள் இரண்டும். மீதி 18 கிராம் பின் ஆக்சிலில். பேட்டரியையும் இயன்றவரை முன்னே தள்ளிப் பொருத்தினேன். முன் சக்கரங்களைத் தராசிலும் பின் சக்கரங்களை அதே உயரமுள்ள ஒரு புத்தகத்திலும் வைத்து எடை பார்த்தபோது, மொத்த எடையில் 58 சதவீதம் முன்னால் இருந்தது. செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்னோக்கிச் சாயும். முன் சக்கரங்கள் இலேசாகி, திருப்பினாலும் திரும்பாமல் வழுக்கும். முன்புறக் கனம் கூடிய பிறகு அந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது.

இந்தப் பலனைக் கண்டு ஆசை கூடியதும் நான்காவது மாதத்தில் நான்கு சக்கரங்களையும் முழுப் பித்தளையாக்கி, ஆக்சிலை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் இணைப்புக் கம்பிகளை எஃகாக்கி, மொத்த எடையை 480 கிராமுக்குக் கொண்டுபோனேன். சாய்வுக் கோணம் இன்னும் உயர்ந்தது உண்மை. ஆனால் எடை 40 சதவீதம் கூடினால் ஏற்றத்தில் மோட்டாரும் பற்சக்கரங்களும் சுமக்கும் பளுவும் அதே அளவு கூடுகிறது. மோட்டார் கை வைக்க முடியாதபடி சுட்டது. பேட்டரி தாங்கும் நேரம் அரை மணிக்கும் கீழே இறங்கியது. உயரத்திலிருந்து விழும்போது முன்பு சத்தமின்றி எழுந்து நின்ற வண்டி இப்போது எதையாவது உடைத்துக்கொண்டு நின்றது. மூன்று வாரம் கழித்து, கூரைத் தட்டு இல்லாமல் 70 கிராம் பித்தளையுடன் 392 கிராம் என்ற பழைய நிலைக்குத் திரும்பினேன். அதன்பின் அதை மாற்றவில்லை.

டயர் விஷயத்தில் புதிதாக வாங்குவதற்கு முன் உள்ளே இருக்கும் ஃபோமைப் பார்க்க வேண்டும். இவ்வளவு இலேசான வண்டியின் கீழ் ஆலையில் வைக்கும் ஃபோம் நசுங்குவதே இல்லை; டயர் கட்டையாக உருண்டு பாறையின் விளிம்பில் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சக்கரத்தோடு பசையிட்டு ஒட்டியிருந்த டயரைப் பிரிப்பது கடினம் என்பதால், திருகுகளால் விளிம்பைப் பிடிக்கும் சக்கரங்களை வாங்கினேன். பழைய டயரைக் கொதிநீரில் போட்டுப் பசையை இளக்கி எடுத்து, ஃபோமின் சுற்றுப்புறத்தைக் கத்தரியால் மூன்றில் ஒரு பங்கு குறைத்து மறுபடி பூட்டினேன். டயர் பாறையின் மேல் படிந்து மடியத் தொடங்கியது. அதே டயர், அதே ரப்பர். ஆனால் முன்பு ஏற முடியாத ஈரக்கல் ஒன்றை முதல் முயற்சியிலேயே ஏறியது. பிறகு மென்மையான ரப்பரில் செய்த, விட்டம் சற்றுப் பெரிய டயர்களையும் போட்டுப் பார்த்தேன். பிடிப்பு அருமை. எனினும் விட்டம் 10 சதவீதம் கூடும்போது மோட்டாருக்குத் தேவைப்படும் முறுக்கு விசையும் 10 சதவீதம் கூடுகிறது, வண்டியின் உயரமும் ஏறுகிறது. திருப்பும்போது பாடியின் சக்கர வளைவில் உரசவும் செய்தது. மென் ரப்பரை அதே பழைய விட்டத்தில் தேடி வாங்கியதுதான் எனக்குச் சரியாக அமைந்தது.

அடுத்தது சர்வோ. உடன் வந்த சர்வோவின் உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். ஆறாவது வாரத்தில் முன் சக்கரம் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கியிருந்தபோது திருப்பியதில் பற்கள் மழுங்கிவிட்டன. உலோகப் பற்சக்கரமுள்ள ஒன்றை வாங்கிப் போட்டேன். இங்கே இரண்டு சிக்கல்கள் வந்தன. ஒன்று, சர்வோவின் தண்டில் உள்ள வரிப்பற்களின் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போகவில்லை. அதனால் அந்தத் தண்டில் மாட்டிச் சக்கரங்களைத் தள்ளும் பழைய கைத்தண்டு பொருந்தவில்லை. வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது இது. இரண்டாவது சிக்கலைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாட்கள் ஆயின. பாறையில் மோதியபடி முழுமையாகத் திருப்பினால் வண்டி ஓரிரு நொடிகள் செத்துப்போய் மீண்டும் உயிர்பெற்றது. வலுவான சர்வோ தடைபட்டு நிற்கும்போது கூடுதல் மின்சாரத்தை இழுக்கிறது. ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவரும் மோட்டாரின் வேகக் கட்டுப்பாடும் ஒன்றாக உள்ள சிறு மின்சுற்றுப் பலகையால் அதைக் கொடுக்க முடியாமல் மின்னழுத்தம் சரிந்து ரிசீவர் அணைந்துவிடுகிறது. ரிமோட்டில் திருப்பும் எல்லையைச் சற்றுக் குறைத்து, சக்கரம் தன் கடைசித் தடையில் முட்டுவதற்கு முன்பே சர்வோ நிற்கும்படி செய்ததும் இது தீர்ந்தது. திரும்பும் கோணத்தில் இழந்தது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். செய்த எல்லா மாற்றங்களிலும் எடைக்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைப்பது இந்தச் சர்வோ மாற்றத்தையே.

எண்ணெய் நிரப்பிய அலுமினிய ஷாக் அப்சார்பர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பார்க்க அழகானவை. இந்த அளவில் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் உராய்வே ஸ்பிரிங்கின் வலுவுக்குச் சமமாக இருப்பதால், அமுங்கிய பக்கம் அமுங்கியபடியே நிற்கிறது. இரண்டு மாதத்தில் எண்ணெயும் கசிந்தது. எண்ணெயில்லாத பழைய பிளாஸ்டிக் ஷாக்கில் மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டுத் திரும்பப் பூட்டினேன்; சக்கரங்கள் பள்ளம் மேடுகளோடு தாராளமாகத் தொங்கி இறங்குகின்றன.

மோட்டாரையும் டிரைவ் ஷாஃப்டையும் பிரித்துப் பேச முடியாது. எட்டாவது மாதத்தில் பிரஷ்கள் தேய்ந்து, மிக மெதுவாகத் தொடங்கும்போது மோட்டார் திக்கியது. இந்த வாய்ப்பில் அடுத்த பெரிய அளவு மோட்டாரைப் பொருத்தினேன். வலு உடனே தெரிந்தது. அதோடு நடுவிலுள்ள பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்ட் நான்கு நாளில் முறுக்கிக்கொண்டு வெடித்தது. எஃகு ஷாஃப்ட் போட்டேன். அது உடையவில்லை, ஆனால் மூன்றாவது வாரத்தில் பின் ஆக்சிலின் உள்ளே இருக்கும் பற்சக்கரத்தின் இரண்டு பற்கள் போயின. ஷாஃப்டை மாற்ற இரண்டு திருகுகளும் ஐந்து நிமிடங்களும் போதும். ஆக்சில் பற்சக்கரத்துக்கோ வண்டியின் பின்பாதியையே பிரிக்க வேண்டும். மின்சுற்றில் ஃபியூஸ் செய்யும் வேலையை அந்தப் பிளாஸ்டிக் ஷாஃப்ட் செய்துகொண்டிருந்தது என்பதை அப்போது உணர்ந்தேன். இப்போது பழைய அளவு மோட்டார், உள்ளே கம்பிச் சுருளில் கூடுதல் சுற்றுகள் கொண்ட மெதுவான வகை, பிளாஸ்டிக் ஷாஃப்ட், கையிருப்பில் ஒரு மாற்று ஷாஃப்ட் என்று வைத்திருக்கிறேன். மோட்டாரைப் பொருத்தும்போது அதன் தண்டிலுள்ள சிறு பற்சக்கரமான பினியனுக்கும் பெரிய பற்சக்கரத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தாள் துண்டைச் சொருகி, இறுக்கிய பின் தாளை எடுத்துவிட்டால் வேண்டிய இடைவெளி சரியாகக் கிடைக்கும்.

பராமரிப்பில் மூன்று விஷயங்கள் வண்டியைக் காப்பாற்றியிருக்கின்றன. பிளாஸ்டிக்கில் ஏறும் திருகை மறுபடி பூட்டும்போது முதலில் இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். பழைய மரையில் இறங்கும் சிறு ‘கிளிக்’ உணர்வு கிடைத்ததும் வலப்பக்கம் சுற்றினால் புதிய மரை வெட்டாது. இதைத் தெரிந்துகொள்வதற்கு முன் இரண்டு துளைகளைப் பாழாக்கியிருந்தேன். திருகு கழலாமல் பிடிக்கும் பசையை உலோகமும் உலோகமும் சேரும் இடத்தில் மட்டுமே இட வேண்டும். அது சில பிளாஸ்டிக்குகளை வெடிக்கச் செய்யும். மூன்றாவது, பேட்டரி. முழுதாக ஏற்றிய நிலையில், செல்லுக்கு 4.2 வோல்ட்டில், மூன்று வாரம் ஓட்டாமல் வைத்திருந்த ஒரு பேட்டரி உப்பிவிட்டது. அதைப் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட்டு, அதன்பின் ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்திவைக்கிறேன். மற்ற இரண்டு பேட்டரிகளும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன.

இப்போதைக்கு மீதமிருப்பது ஒரு சிறு வேலைதான். பின் வலது சக்கரத்தின் பேரிங்கில் மணல் ஏறி, கையால் சுழற்றும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. அதைக் கழற்றிக் கழுவி ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கப் போகிறேன். சத்தம் நிற்காவிட்டால் ஆலையில் வந்த அதே அளவு பேரிங்கை வாங்கி மாட்டிவிடுவேன்.